தப்பைத் தானே காட்டிக்கொடுக்கும் பொம்மையாகப் பார்த்து வாங்குங்கள்

விடுமுறை நெருங்க நெருங்கக் கடைத் தட்டுகளில் "மூளை வளர்ச்சிக்கு", "அறிவுத் திறனுக்கு", "விளையாடிக்கொண்டே கற்க" என்று பெட்டிகள் வரிசை கட்டி நிற்கும். பொம்மைகளுக்கான தர விதிகளில் சிறு உதிரிகளுக்கு மில்லிமீட்டர் கணக்கில் அளவு உண்டு. சாயத்தில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. "கற்றுத் தரும்" என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு சோதனையும் இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். அந்தச் சோதனையை வாங்குகிறவர்தான் செய்தாக வேண்டும்.

அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கட்சி. குழந்தை தப்பாகச் செய்தால், "இது தப்பு" என்று யார் சொல்கிறார்கள்? பக்கத்தில் இருக்கும் பெரியவர் சொன்னால் பரவாயில்லை ரகம். பேட்டரிக் குரல் சொன்னால் சுமார். பொம்மையே காட்டிக்கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம்.

1907இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி உருவாக்கிய கருவிகளில் உருளைக் கட்டை என்று ஒன்று உண்டு. நீளமான ஒரு மரக்கட்டையில் 10 குழிகள், அவற்றுக்குப் பிடி வைத்த 10 உருளைகள். ஒல்லியான உருளையைப் பெரிய குழிக்குள் போட்டாலும் அது உள்ளே இறங்கிவிடும், அந்த நேரத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. கடைசியில் ஒரு குண்டு உருளை கையில் மிஞ்சும், மீதியிருக்கும் குழிக்குள் அது நுழையாது. குழந்தை உருளையைப் பார்க்கும், குழியைப் பார்க்கும், பிறகு முன்னால் போட்டவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கும். படிப்பு நடப்பது அந்தப் பின்னோக்கிய தேடலில்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், சரிந்து விழும் கட்டைக் கோபுரம், ஒரு பக்கம் சாயும் தராசு எல்லாமே இதே வேலையைச் செய்கின்றன. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கைதட்டும் பொம்மையில் தப்பே கிடையாது, அதனால் தேடலும் கிடையாது.

பேசும் பொம்மையில் இன்னொரு நஷ்டமும் உண்டு. அது பேசும்போது வீட்டில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். 10 முதல் 16 மாதம் வரையிலான குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகளை வைத்து அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. மின்னணுப் பொம்மையோடு விளையாடிய நேரத்தில் பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, மாறி மாறிப் பேசிக்கொள்வதும் குறைந்தது. படப் புத்தகம் வைத்திருந்தபோதுதான் பேச்சு அதிகம். ஆய்வு சிறியது என்றாலும் காரணம் வெளிப்படை: "மாடு எப்படிக் கத்தும்?" என்று கேட்கவேண்டிய இடத்தில் பொம்மையே கத்தி முடித்துவிடுகிறது.

பெட்டியில் இருக்கும் வயது

"3+" என்று போட்டிருந்தால் அது புத்திசாலித்தனத்தின் அளவு அல்ல. அந்தப் பொம்மையில் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடிய உதிரி இருக்கலாம் என்பதுதான் பெரும்பாலும் அதன் பொருள். "எங்கள் பேத்தி படு சுட்டி, இரண்டு வயதிலேயே இதைச் செய்துவிடுவாள்" என்று வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். மூளை முந்தியிருக்கலாம், மூச்சுக்குழாய் முந்தியிருக்காது. சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தை முகமும் "0-3" என்ற எண்ணும் குறுக்குக் கோடும் இருந்தால் அதுவும் இதே எச்சரிக்கைதான். வீட்டில் அண்ணன் அக்காவுக்கு வாங்கினாலும், தவழ்கிற ஒன்று இருக்கிறது என்றால் அதன் வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக் கூடத்தில் இதற்கென்று ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். விட்டம் 31.7 மில்லிமீட்டர், சாய்வான அடிப்பாகம், ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1. பொம்மையோ அதிலிருந்து கழன்ற துண்டோ அமுக்காமலே இதற்குள் முழுதாக அடங்கினால் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது. வீட்டில் கழிப்பறைக் காகிதச் சுருளின் நடுவில் இருக்கும் அட்டைக் குழலே போதும். அது ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் அகலம் என்பதால் சோதனை உருளையைவிடக் கண்டிப்பானது. குழலுக்குள் விழுவதை எல்லாம் ஒதுக்கிவிடுங்கள். உருண்டையான பந்துக்கு மட்டும் இந்தக் குழல் போதாது. பந்து தொண்டையில் இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொள்ளும், விரலால் பற்றி எடுக்கவும் பிடி கிடைக்காது. அதனால்தான் அமெரிக்க விதி சிறு குழந்தைகளின் பந்துக்கு 44.4 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம் கேட்கிறது. 5 சென்டிமீட்டருக்குக் கீழ் உள்ள பந்தைத் தொடாமல் விட்டால் கவலை இல்லை.

தர முத்திரையைப் பொறுத்தவரை ஐஎஸ்ஓ 8124, ஐரோப்பாவின் இஎன் 71, அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் எஃப்963, இந்தியாவின் ஐஎஸ் 9873 ஆகியவற்றில் உங்கள் நாட்டுக்கு உரியது பெட்டியில் இருக்கிறதா, தயாரிப்பாளர் முகவரியும் தொகுப்பு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிஇ என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் அதை வேறு யாரோ சோதித்துக் கொடுத்த சான்றிதழாக நினைக்க வேண்டாம். பெரும்பாலும் அது தயாரிப்பாளர் தாமே அளிக்கும் உறுதிமொழி.

முத்திரையைவிட உங்கள் விரல் நகமும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் அதிகம் சொல்லும். முதலில் பேட்டரி மூடி. நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள், ஸ்க்ரூ போட்டு மூடியதாக இருக்க வேண்டும். பட்டன் பேட்டரி, அதிலும் சிஆர்2032 போன்ற 20 மில்லிமீட்டர் வட்டம், விழுங்கினால் உணவுக் குழாயில் நின்றுவிடும் அளவு. நின்ற இடத்தில் ஈரத்தசை வழியாக மின்சாரம் ஓடுகிறது. பேட்டரியின் எதிர்மின் (மைனஸ்) பக்கம் காரம் உண்டாகி, இரண்டே மணி நேரத்தில் குழாயைப் பொத்துவிடலாம். பொம்மையை ஓட்டவே சக்தியில்லாத "செத்த" பேட்டரியிலும் இதற்குப் போதுமான மின்சாரம் மீதி இருக்கும். விழுங்கியிருப்பதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். ஒளிரும் வாழ்த்து அட்டை, கண் சிமிட்டும் சாவிக்கொத்து, குட்டி ரிமோட் என்று பொம்மை அல்லாத பரிசுகளிலும் இதே பேட்டரி ஒளிந்திருக்கிறது.

காந்தம் அடுத்தது. ஒரு காந்தம் வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். இரண்டோ அதற்கு மேலோ போனால்தான் விபரீதம், அதிலும் வேறு வேறு நேரத்தில் போனால். குடலின் இரு மடிப்புகளுக்குள் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, நடுவில் மாட்டிய சதையை நசுக்கி ஓட்டை போட்டுவிடும். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் கட்டுமானத் தகடுகள் அருமையான விளையாட்டுச் சாமான்தான், ஆனால் அதன் ஓரங்களைப் பாருங்கள். இரு பாதிகளும் வெறும் பசையால் ஒட்டியிருக்கின்றனவா, உருக்கி இணைத்து மூலைகளில் உலோக ஆணி அடித்திருக்கிறதா? இரண்டாவது ரகத்தையே எடுங்கள். விரிசல் விட்ட தகட்டை டேப் ஒட்டிக் காப்பாற்ற நினைக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும். தண்ணீரில் ஊறிப் பருக்கும் ஜெல் மணிகளைச் சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்தப் பெயரிலும் கொடுக்காதீர்கள். வயிற்றுக்குள்ளும் ஊறுவது அது, எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியவும் தெரியாது.

கயிறு கட்டி இழுக்கும் வண்டியில் கயிறு ஒரு சாணுக்கு மேல் நீண்டால், ஒன்றரை வயதுக்குக் கீழ் இருக்கும் குழந்தைக்குக் கொடுக்கும் முன் வெட்டிக் குறைத்துவிடலாம். கயிற்றின் நுனியில் சுருக்கு விழக்கூடிய வளையமோ மணியோ இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் கை என்ன செய்யும்

பெட்டியில் உள்ள எண்ணைப் பாதுகாப்பு வரம்பாக மட்டும் வைத்துக்கொண்டு, அதற்குள் குழந்தையின் கையைப் பார்த்து வாங்கினால் குறி தவறாது. ஐந்தாறு மாதத்தில் உள்ளங்கை முழுவதும் சேர்ந்துதான் பிடிக்கும். கிலுகிலுப்பையின் பிடி உங்கள் சுண்டு விரல் பருமனில், எடை அதிகம் இல்லாமல் இருக்க வேண்டும். கனமானதை ஆட்டத் தெரியாமல் ஆட்டித் தன் முகத்திலேயே இடித்துக்கொள்ளும். எட்டு ஒன்பது மாதத்தில், கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமல் போய்விடவில்லை என்பது பிடிபடத் தொடங்குகிறது. மேல் துளையில் பந்தைப் போட்டால் கீழே தட்டில் உருண்டு வரும் பெட்டி அந்த வயதுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுப்பதும் அப்போதுதான் வருகிறது. அதாவது தரையில் கிடக்கும் எல்லாவற்றையும் வாய்க்குக் கொண்டுபோகும் திறமை வந்துவிட்டது என்று பொருள்.

ஒரு வயதிலிருந்து ஒன்றரை வரை போடுவதும் கொட்டுவதும்தான் வேலை. இதற்கு வாய் அகன்ற ஒரு டப்பாவும், உள்ளே போட ஏழெட்டுப் பெரிய பொருள்களும் போதும். இதைப் பரிசாகக் கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். வளைய அடுக்கு வாங்குவதாக இருந்தால் நடுக்கம்பைப் பாருங்கள். மேலே போகப் போகக் கூம்பியிருக்கும் கம்பில் வரிசை தவறினால் வளையம் பாதியில் நின்றுவிடும். ஒரு வயதில் அது எரிச்சலைத்தான் தரும், வளையத்தைக் கம்பில் நுழைப்பதே அப்போது பெரிய சாதனை. ஒரே பருமனான நேர்க்கம்பு அந்த வயதுக்கு. தப்பைக் காட்டிக்கொடுக்கும் கூம்புக் கம்பு இரண்டு வயதுக்கு. என் விதியையே ஓர் ஆண்டு தள்ளிவைக்கச் சொல்கிறேன்தான். தப்பைத் திருத்தும் கை வரும் முன் தப்பைக் காட்டிப் பயனில்லை. கம்பு வளையக்கூடியதாகவோ முனை மழுங்கியதாகவோ இருக்கட்டும், குழந்தை அதன் மேலேயே விழும்.

வடிவங்களை ஓட்டைக்குள் போடும் பெட்டியில் பலரும் கவனிக்காத குறை ஒன்று உண்டு. உருளைக் கட்டையை எடுத்துச் சதுர ஓட்டைக்குள் போட்டுப் பாருங்கள். மலிவுப் பெட்டிகள் பலவற்றில் போய்விடும். முக்கோணக் கட்டை வட்ட ஓட்டைக்குள் போகும். அப்படிப்பட்ட பெட்டியிடமிருந்து குழந்தை கற்கும் பாடம், "பெரிய ஓட்டையில் எல்லாம் போகும்" என்பது மட்டுமே. ஓட்டைகளின் எண்ணிக்கையும் குறைவாக இருப்பது நல்லது. வட்டம், சதுரம், முக்கோணம் என மூன்று. எப்படித் திருப்பினாலும் போவதால் வட்டம் முதலில் கைவரும், பிறகு சதுரம், அதன்பின் முக்கோணம். நட்சத்திரமும் அறுகோணமும் சேர்ந்து 12 ஓட்டை உள்ள கனசதுரப் பெட்டியில், சரியான ஓட்டையைத் தேடிப் பெட்டியை உருட்டுவதிலேயே குழந்தையின் பொறுமை தீர்ந்துவிடும்.

கட்டைகள்

ஒரே ஒரு பரிசுதான் என்றால் கட்டைகள். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. சிறு குழந்தைகளுக்கான பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று 1840இல் பெயர் வைத்த ஃப்ரீட்ரிக் ஃப்ரோபெல், தான் வரிசையாக உருவாக்கிய விளையாட்டுக் கருவிகளுக்கு வைத்த பெயரே "பரிசுகள்" என்பதுதான். அவற்றில் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு பெரிய கனசதுரம். முழுதும் பகுதியும் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

இன்றைய மழலையர் வகுப்புகளில் காணும் அலகுக் கட்டைகள், நியூயார்க்கில் கரோலின் பிராட் என்ற ஆசிரியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தவை. தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 விகிதம். ஏறக்குறைய 3.5, 7, 14 சென்டிமீட்டர். இரண்டு அரைக்கட்டை சேர்ந்தால் ஒரு முழுக்கட்டை, இரண்டு முழுக்கட்டை சேர்ந்தால் ஓர் இரட்டைக் கட்டை. பின்னம் என்ற சொல்லைக் கேட்பதற்கு வெகுகாலம் முன்பே கை அதைத் தெரிந்துகொள்ளும். ஆனால் இது வேலை செய்ய அளவு துல்லியமாக இருந்தாக வேண்டும். கடையில் இரண்டு அரைக்கட்டைகளை ஒரு முழுக்கட்டையோடு ஒட்டி வைத்து நுனியை விரலால் தடவுங்கள். ஒரு மில்லிமீட்டர் படி தட்டினாலும் பத்து வரிசை உயரத்தில் சுவர் சாய்ந்துவிடும். தான் சரியாக வைத்தும் விழுகிறதே என்று குழந்தை குழம்பும். தப்பைக் காட்டிக்கொடுக்கும் பொம்மை பொய் சொல்லக் கூடாது.

எண்ணிக்கையில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ஒன்றரை வயதில் மூன்று நான்கு, இரண்டு வயதில் ஆறு, மூன்று வயதில் ஒன்பது என்ற அளவில் கட்டைகளை நிற்க வைக்க வரும், அதனால் இரண்டு வயதுவரை 15, 20 போதும். மூன்று வயதில் பாலம், சுற்றுச்சுவர் என்று போகும்போது 40க்குக் கீழ் இருந்தால் வீடு பாதியில் நின்றுவிடும். விதவிதமான வடிவங்களில் 30 இருப்பதைவிட ஒரே அளவில் 50 இருப்பது மேல். வளைவும் கூம்பும் கோபுர உச்சிக்கு இரண்டு மூன்று போதும். எழுத்தும் எண்ணும் படமும் வரைந்த கட்டைகளைவிட வெறும் மரம் நல்லது என்பேன், வெறும் கட்டை எதுவாகவும் ஆகும். பஞ்சு போன்ற ஃபோம் கட்டை மேலே விழுந்தால் வலிக்காதுதான், ஆனால் பல் முளைத்த குழந்தை அதைக் கடித்துத் துண்டு எடுத்துவிடும். மரக்கட்டையை ஈரத்துணியால் துடைத்து உடனே காயவைக்க வேண்டும், ஊறவைத்தால் உப்பி அளவு மாறிவிடும்.

குமிழ் வைத்துப் பொருத்தும் பிளாஸ்டிக் கட்டைகளில் லெகோவின் பெரிய ரகமான டுப்ளோ, சாதாரணக் கட்டையைப் போல நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு. ஒன்றரை வயதிலிருந்து அது சரி. சிறிய ரகத்துக்கு நான்கு வயது வரை பொறுத்திருக்கலாம். படத்தில் உள்ள ஒரே ஒரு வண்டியை மட்டும் செய்யக்கூடிய பெட்டியைத் தவிர்த்துவிட்டுப் பொதுக்கட்டைகள் நிறைந்த பெட்டியைப் பாருங்கள். எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகளை மட்டும் வைத்து 91,51,03,765 விதமாக இணைக்கலாம். விளக்கப்படம் அதில் ஒன்றைத்தான் காட்டுகிறது.

துண்டுப் படங்கள்

படத்தைத் துண்டுகளாக்கி விற்ற முதல் ஆட்களில் ஒருவர் ஜான் ஸ்பில்ஸ்பரி, 1760களில் லண்டனில் வரைபடம் செதுக்கியவர். நிலப்படத்தைப் பலகையில் ஒட்டி நாட்டு எல்லைகளின் வழியே அறுத்தார், ஒரு துண்டு ஒரு நாடு. இன்றைய துண்டுப் படங்களில் வெட்டு எங்கெங்கோ போகிறது, யானையின் காது ஒரு துண்டில், மரக்கிளையும் வானமும் அடுத்ததில். தொடக்கத்துக்குப் பழைய முறையே மேல். ஒரு துண்டில் ஒரு முழுப்பொருள் இருக்கட்டும். பிறகு ஒரே பொருள் இரண்டாக, மூன்றாக வெட்டப்பட்டது. அதன்பின்தான் கோத்துக்கொள்ளும் துண்டுகள்.

கணக்கு ஏறக்குறைய இப்படி: ஒன்றரை வயதுக்குப் பிடி வைத்த மூன்று துண்டு, இரண்டு வயதில் ஐந்து வரை, மூன்றில் 6 முதல் 12, நான்கில் 12 முதல் 24, ஐந்தில் 24 முதல் 48. பழகிய குழந்தை இதை எளிதாகத் தாண்டும், பழகாதது ஒரு படி கீழே தொடங்கும். சந்தேகம் வந்தால் குறைந்ததையே எடுங்கள். முடித்த குழந்தை திரும்பக் கலைத்துப் போடும், முடிக்காதது ஒதுங்கிப்போய்விடும். பெரிய நீல வானமோ புல்வெளியோ உள்ள படம் வேண்டாம், அந்தத் துண்டுகளில் பிடித்துக்கொள்ளத் துப்பே இருக்காது. அட்டை 2 மில்லிமீட்டருக்கு மெல்லியதாக இருந்தால் கோக்கும் மூக்குகள் நாலைந்து முறையிலேயே மடங்கிவிடும். ஒரே பெட்டியில் நான்கு படங்கள் வந்தால், கொடுக்கும் முன்பே துண்டுகளின் பின்பக்கம் படத்துக்கு ஒரு நிறத்தில் புள்ளி வைத்துவிடுங்கள். அரைமணி நேர வேலை, பல மாத அழுகையை மிச்சப்படுத்தும்.

எண்ணும் எழுத்தும்

எண்களுக்கு மின்னணு அட்டை எதுவும் வேண்டாம். 1 முதல் 10 வரை ஒரே நேர்க்கோட்டில் கட்டம் போட்ட பலகை, 1, 2 மட்டும் உள்ள சுழற்றி (சுற்றிவிட்டால் ஓர் எண்ணில் வந்து நிற்கும் முள்), இரண்டு காய்கள். உளவியலாளர்கள் கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வயதை ஒட்டிய குழந்தைகள் இப்படிப்பட்ட பலகையில் கால்மணி நேர அளவில் நான்கு முறை விளையாடியதிலேயே எண்ணுதல், எந்த எண் பெரியது என்று சொல்லுதல் எல்லாம் முன்னேறின. எண்ணுக்குப் பதில் நிறம் போட்ட பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. பின்னர் செய்து பார்த்ததில் வட்டமான பலகையைவிட நேரான பலகை நன்றாக வேலை செய்தது. அட்டையில் நீங்களே வரைந்துவிடலாம்.

விளையாடும் விதத்தில் ஒரு நுணுக்கம். காய் 3இல் நிற்கிறது, சுழற்றியில் 2 விழுந்தது என்றால் "ஒன்று, இரண்டு" என்று நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லி "நான்கு, ஐந்து" என்று நகர்த்த வேண்டும். பலன் இருப்பது அதில்தான். நூறு கட்டப் பரமபதம் இந்த வயதுக்கு ஏன் சரிவரவில்லை என்பதும் இங்கே புரியும். ஒரு வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம் என்று திரும்பித் திரும்பிப் போகிறது, போதாததற்கு நடுவில் பாம்பு வேறு. ஐந்தாறு வயதில் எடுத்துக்கொள்ளலாம்.

மணிச்சட்டம் வாங்கினால் வரிசைக்கு ஒரு நிறம் உள்ளதை விட்டுவிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து மணி ஒரு நிறம், ஐந்து மணி வேறு நிறம் என்று இருப்பதை எடுங்கள். நான்கு வரை கண் எண்ணாமலே பிடிக்கும், அதற்கு மேல் தடுமாறும். ஐந்தில் நிறம் மாறினால் "ஐந்தும் இரண்டும் ஏழு" என்பது பார்த்தவுடன் தெரியும்.

தமிழ் எழுத்துப் பொம்மைகளில் 247 எழுத்தும் உள்ளது என்பது விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும், மூன்று நான்கு வயதுக் கைக்கு அது குப்பைக் குவியல். 12 உயிர், 18 மெய்யின் அகர வரிசை, இந்த 30 போதும். காந்த எழுத்துகளில் காலும் கொம்பும் தனித்தனித் துண்டாக வந்தால் ஒரு சிக்கல் இருக்கிறது. "கெ" என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. "கொ"வில் இரண்டு பக்கமும் நிற்கிறது. ஒலியை வைத்துக் கோக்கும் குழந்தை ஒவ்வொரு முறையும் இடறும். முழு எழுத்தாகவே அச்சிட்ட அட்டைகள் இந்தத் தொல்லையைத் தராது. வாங்கும் முன் எ-ஏ, ஒ-ஓ, ல-ள-ழ, ர-ற, ந-ன-ண எழுத்துகளை மட்டும் தேடிப் பாருங்கள். அச்சுப்பிழையும் படப்பிழையும் கூடு கட்டும் இடங்கள் அவைதான். எழுதிப் பழகும் பலகைக்கு மூன்று வயதில் அவசரமில்லை. வட்டம் வரைய மூன்று வயது, கூட்டல் குறிக்கு நான்கு, சதுரத்துக்கு நான்கரை ஐந்து ஆகிறது. அதுவரை எழுத்தை விரலால் தடவிப் பார்த்தால் போதும்.

மற்றவை, சுருக்கமாக

சொப்புச் சாமான், பொம்மைக் குழந்தை, மருத்துவர் பெட்டி போன்றவை பேச்சை வளர்ப்பதில் யாருக்கும் சளைத்தவை அல்ல. ஆணுக்கு வண்டி, பெண்ணுக்குச் சொப்பு என்ற பிரிவினைக்கு ஒரு காரணமும் இல்லை. கத்தரிக்கோல் வாங்கினால் முனை மழுங்கிய எஃகு வாங்குங்கள், காகிதத்தையே வெட்டாத பிளாஸ்டிக் கத்தரி குழந்தைக்குத் தன் கைமேல்தான் சந்தேகத்தை உண்டாக்கும். இடதுகைக் குழந்தைக்கு இடதுகைக் கத்தரிதான். வலதுகைக் கத்தரியை இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தம் இரு அலகையும் விலக்கிவிடும், காகிதம் வெட்டுப்படாமல் மடங்கும்.

உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் சைலஃபோன் நல்ல பரிசு, ஆனால் பட்டை எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு நுனியிலிருந்தும் நீளத்தில் ஏறக்குறைய 22 சதவீதம் உள்ளே, தளர்வாகப் பொருத்தியிருக்க வேண்டும். பட்டை அதிரும்போது அசையாத இடம் அதுதான். நுனியிலேயே இறுக்கி ஆணி அடித்திருந்தால் "டொக்" என்று செத்த சத்தம்தான் வரும். சுருதி சரியா என்பதைக் கைப்பேசியில் உள்ள ட்யூனர் செயலியில் பார்த்துவிடலாம். பேட்டரிப் பொம்மையின் சத்தம் காதைக் குத்தினால் ஒலிபெருக்கித் துளைமேல் இரண்டு மடிப்பு டேப் ஒட்டுங்கள்.

தள்ளிக்கொண்டு நடக்கும் நடைவண்டிக்கு அடிப்பாகம் கனமாக இருக்க வேண்டும். லேசானது குழந்தையை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும். ஓடினால் கூடையில் இரண்டு தடிப் புத்தகம் வைத்துப் பாருங்கள். நடுவில் உட்காரவைத்து ஓடும் சக்கர வாக்கர் வேறு சாதி, படிக்கட்டில் உருளும் விபத்துகளால் கனடா 2004இல் அதை அடியோடு தடைசெய்தது. இணையத்தோடு இணையும் பேசும் பொம்மை எனக்கு ஒப்பாது. 2017இல் ஜெர்மனி அப்படி ஒன்றை ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்கும் கருவி என்ற கணக்கில் சேர்த்துத் தடை செய்திருக்கிறது.

எத்தனை, எப்படிக் கொடுப்பது

ஒரே நாளில் பத்துப் பொட்டலம் பிரிக்கும் குழந்தை எதோடும் விளையாடுவதில்லை, அடுத்த பொட்டலத்தைத் தேடுகிறது. ஒன்றரை, இரண்டரை வயதுக்கு இடைப்பட்ட 36 குழந்தைகளை அமெரிக்காவின் டொலீடோ பல்கலைக்கழகத்தில் வைத்துப் பார்த்தார்கள். 16 பொம்மைகள் இருந்த அறையைவிட நான்கே இருந்த அறையில் ஒவ்வொன்றோடும் நீண்ட நேரம், அதிக விதங்களில் விளையாடின. எனவே உறவினர் ஏழு பேர் ஆளுக்கொன்று வாங்குவதைவிட எல்லோரும் சேர்ந்து 60 நல்ல கட்டைகளை வாங்கிவிடுவது உத்தமம். ஏற்கெனவே வந்து குவிந்துவிட்டால் நான்கைந்தை வெளியே வைத்து மற்றதைப் பரணில் ஏற்றி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பொட்டலம் கட்டுவதற்கு முந்தின இரவே பெட்டியைத் திறந்துவிடுங்கள். முறுக்குக் கம்பி, பிளாஸ்டிக் தாள், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், ஒட்டுத்தாள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பேட்டரி தேவைப்பட்டால் போட்டு ஸ்க்ரூவை இறுக்குங்கள். நகராத சக்கரம், இறங்காத உருளை, காணாமல்போன துண்டு இருந்தால் அன்றே தெரிந்துவிடும், மாற்றி வாங்க நேரமும் இருக்கும். துண்டுகளை எண்ணி, அந்த எண்ணை மூடியின் உட்பக்கம் பெரிதாக எழுதுங்கள். பெட்டி மெல்லிய அட்டையாக இருந்தால் மூடியோடு கூடிய ஒரு துணிப்பையையோ டப்பாவையோ சேர்த்தே கொடுங்கள், அட்டைப்பெட்டி கிழியும் நாளில்தான் துண்டுகள் சிதறத் தொடங்குகின்றன. வாங்கிய ரசீதைப் பெற்றோர் கையில் தனியாகக் கொடுத்துவிடலாம்.